பீட்ரூட், அவுரி, கணவாய் மை: இயற்கைச் சாயங்கள் மின்சாரம் கடத்துமா? (விவாத இழை)

பாலக்கோடு_இயற்பியல்

வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்குப் பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் சிலர் தாங்களே ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்: இயற்கைச் சாயத்தில் மின்கடத்தும் மை. இவர்களில் பலருடைய அக்காக்கள் ஓசூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் வேலைக்குப் போகிறார்கள். அதனால் சர்க்யூட் போர்டு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. 2022-இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அறிக்கையில் படித்ததிலிருந்து, 'மக்கிப் போகிற சர்க்யூட்' என்ற எண்ணம் அவர்களை விடவில்லை.

பீட்ரூட் சாறு, மஞ்சள், செண்டுமல்லி, கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த கருப்பு மை, கடையில் வாங்கிய அவுரி நீலம், எல்லாவற்றையும் தாளில் பட்டை பட்டையாகப் பூசி மல்டிமீட்டரில் மின்தடை பார்த்தோம். பீட்ரூட் ஈரமாக இருக்கும்போது கிலோ ஓம் கணக்கில் காட்டுகிறது. கடுக்காய் மையும் அப்படித்தான். ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சளில் ஒன்றும் இல்லை. அவுரியில் ஈரமாக இருக்கும்போதே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. காய்ந்துவிட்டால் எல்லாமே திறந்த சுற்றுதான், மின்சாரமே ஓடவில்லை. இன்னொன்றும் கவனித்தோம்: மீட்டர் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் எண் மெல்ல மெல்ல ஏறுகிறது.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், தண்ணி காஞ்சா போயிடுதே, அப்ப கடத்தினது சாயமா, தண்ணியா?" சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் யாராவது விளக்கினால் பிள்ளைகளிடம் அப்படியே காட்டுவேன்.

ஓசூர்_எஸ்எம்டி

சார், நான் ஓசூரில் போர்டில் பாகங்கள் பதிக்கிற லைனில் தர ஆய்வு பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிடுங்க, செம்புக்குப் பதிலா சாயம்னு போகாதீங்க. செம்போட கடத்துதிறன் சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம் சீமென்ஸ். எந்தப் பூ, எந்த இலைச் சாயமும் அது பக்கத்தில்கூட வராது. அப்புறம் சூடு. பாகங்களைப் போர்டில் பிடிச்சு வைக்கிற ஈயம் இல்லாத சால்டர் 217 டிகிரியில்தான் உருகும், அடுப்பு உச்சத்தில் 240-க்கு மேல போகும். பீட்ரூட் சாயம் தண்ணி கொதிக்கிற சூட்டிலேயே நிறம் மாறிடும்.

தலைப்பு நல்ல தலைப்புதான். ஆனா 'கடத்தும் மை'ங்கிற பேர்ல போனா நடுவர் முதல் கேள்வியிலேயே உட்கார வெச்சிடுவார்.

காவேரிப்பட்டினம்_கார்பன்

சார், ஊர் காவேரிப்பட்டினம். இப்போது வெளி மாநிலத்தில் கரிம மின்னணுவியலில், அதாவது கார்பன் சேர்மங்களை வைத்து மின்னணுப் பாகங்கள் செய்யும் துறையில், ஆய்வு செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவியின் கேள்விக்குப் பதில்: கடத்தியது தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள். பீட்ரூட்டில் பொட்டாசியமும் நைட்ரேட்டும் நிறைய உண்டு. அன்னபேதி என்பதே இரும்பு உப்பு. மஞ்சளில் இருக்கும் குர்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரைத்தபோது அயனிகள் வரவில்லை. அவுரி நீலம் இரண்டிலுமே கரையாத துகள். நீங்கள் சொன்ன எண் ஏறுவதும் இதற்குச் சாட்சி. மல்டிமீட்டர் ஒரே திசையில் மின்னோட்டம் அனுப்புகிறது. நேர் அயனிகள் ஒரு முனைக்கும் எதிர் அயனிகள் மறுமுனைக்கும் போய்க் குவிகின்றன. குவியக் குவிய மின்னோட்டம் குறைகிறது, மீட்டர் தடை கூடியதாகக் காட்டுகிறது. பென்சில் கோட்டை அளந்து பாருங்கள், எண் நகராமல் நிற்கும். அங்கே ஓடுவது எலக்ட்ரான்.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை. பீட்ரூட் சாற்றை நன்றாகக் கொதிக்க வையுங்கள். சிவப்பு போய்ப் பழுப்பாகும், அதாவது நிறமி சிதைந்துவிட்டது. ஆவியான அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அதே தாளில் அதே அகலத்தில் பூசி அளந்து பாருங்கள். நிறம் போன பிறகும் தடை மாறவில்லை என்றால் நிறமிக்கு அதில் பங்கில்லை.

இதற்காகத் தலைப்பைக் கைவிட வேண்டாம். நிறத்துக்கும் மின்கடத்தலுக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. சாய மூலக்கூறுகளில் ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு வரும். அந்த வரிசை நெடுக எலக்ட்ரான்கள் பரவியிருக்கும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சி நிறம் காட்டுகின்றன. ஆனால் அது ஒரு வீட்டுக்குள் கூடத்திலிருந்து அறைக்கு நடப்பது போல. மின்சாரம் ஓட வேண்டுமென்றால் வீடு விட்டு வீடு போக வேண்டும். மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக அடுக்கியிருந்தால்தான் எலக்ட்ரான் தாவ முடியும். கடுக்காய் மை கன்னங்கரேலென்று இருந்தும் காய்ந்தால் கடத்தாததற்குக் காரணம் இதுதான்.

அவுரி இங்கேதான் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. அவுரி நீலத்தில் இருக்கும் இண்டிகோ மூலக்கூறு தட்டையானது. பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொண்டு வரிசையாக அடுக்கிக்கொள்ளும். 2012-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர ஜொஹான்னஸ் கெப்லர் பல்கலைக்கழகத்தில் குவோவாட்ஸ்கி, சாரிசிஃப்ச்சி, இரிமியா-விளாடு ஆகியோர் இருந்த குழு இண்டிகோவை வைத்தே டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. எலக்ட்ரான், துளை (எலக்ட்ரான் இல்லாத இடம், நேர் மின்னூட்டம் போல நகரும்) இரண்டையும் அது நடத்துகிறது. ஒரே பொருளில் இரண்டும் கிடைப்பது கரிமக் குறைக்கடத்திகளில் எளிதல்ல. காற்றுப் பட்டாலும் தாங்குகிறது. மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்று சொல்லும் நகர்வுத்திறன் வோல்ட்-நொடிக்கு 0.01 சதுர சென்டிமீட்டர் அளவில் வந்தது. படிகச் சிலிக்கானில் எலக்ட்ரானுக்கு அது 1,400 வாக்கில் இருக்கும். அதனால் கணினிச் சிப் கனவு வேண்டாம். ஆனால் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் உணரிகளுக்கு அந்த வேகம் போதும்.

ஆகவே ஓசூர் அண்ணன் சொல்வது சரி. அவுரி கம்பி ஆகாது, குறைக்கடத்தி ஆகும். பிள்ளைகள் தலைப்பில் அந்தச் சொல்லை மாற்றினால் பாதித் திட்டம் நிமிர்ந்துவிடும்.

அரூர்_அவுரிக்காடு

எல்லாருக்கும் வணக்கம். அரூர் பக்கம் கொஞ்ச நிலத்துல அவுரி போட்டு நீலம் எடுக்கிறோம், துணிச் சாயத்துக்கு. திண்டிவனம் பக்கம் பெரிசா பண்றவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். தழையை அறுத்துத் தொட்டியில ராத்திரி முழுக்க ஊறவெச்சு, காலையில தண்ணிய வடிச்சு அடிக்கணும். பச்சையா இருந்த தண்ணி அடிக்க அடிக்க நீலமாகும். அடியில படிஞ்சதைக் காய்ச்சி, துணியில வடிகட்டி, வில்லையா வெட்டிக் காயவெக்கிறோம். சீக்கிரம் படியறதுக்குச் சிலர் சுண்ணாம்புத் தண்ணி விடுவாங்க.

நான் கேக்குறது ஒண்ணுதாங்க. எங்க வில்லையை அப்படியே இந்த டிரான்சிஸ்டருக்குப் போட முடியுமா? முடியும்னா என்ன தரத்துல கேப்பாங்க? துணிக்கு வாங்கறவங்க பாக்குறது நிறத்தை மட்டும்தான்.

காவேரிப்பட்டினம்_கார்பன்

ஐயா, இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான்.

அப்படியே போட முடியாது. இயற்கை நீல வில்லையில் இண்டிகோ பல சமயம் பாதிகூட இருக்காது. மீதி மண், சுண்ணாம்பு, இலையின் புரதம், பழுப்புப் பொருட்கள், கொஞ்சம் இண்டிருபின் என்ற சிவப்பு நிறமி. துணிக்கு இண்டிருபின் இருந்தால் ஒரு செம்மை ஓட்டம் வரும், அழகுதான். டிரான்சிஸ்டருக்கு அந்நிய மூலக்கூறு ஒவ்வொன்றும் எலக்ட்ரான் போகும் வழியில் ஒரு பள்ளம்.

சுத்தம் செய்வது இப்படி: முதலில் நீர்த்த அமிலத்தில் கழுவினால் சுண்ணாம்பு போகும். பிறகு ஆல்கஹாலில் கழுவினால் சிவப்பு நிறமி கரைந்து வரும், நீலம் கரையாமல் நிற்கும். கடைசியில் வெற்றிடத்தில் சூடாக்கிப் பதங்கமாக்க வேண்டும், ஆவியாகி மேலே படிவதுதான் சுத்தமான இண்டிகோ. முதல் இரண்டும் உங்கள் பட்டறையிலேயே முடியும். மூன்றாவதற்கு ஆய்வகம் வேண்டும்.

ஒரு கசப்பான செய்தியும் சொல்லவேண்டும். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். 1897-இல் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இலையில் இருந்து வந்தாலும் தொழிற்சாலையில் இருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். வாங்குபவர் செயற்கையை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. உங்கள் பக்கம் இருக்கும் நியாயம் வேறு: செயற்கையில் அனிலின், சயனைடு, ஃபார்மால்டிஹைடு வழியாகப் போகிறார்கள். மக்கும் மின்னணுப் பொருள் என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே அந்த நீலத்தைப் போட்டால் பெயருக்குப் பொருள் இல்லை. இண்டிகோ எத்தனை சதவீதம் என்று அளந்து, ஒவ்வொரு அறுவடைக்கும் அதே எண்ணைத் தர முடிந்தால் அந்த நியாயம் விலையாக மாறும். அளவு இல்லாமல் 'இயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நம் விவசாயிகளை இதில் இறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓசூர்_எஸ்எம்டி

வெற்றிடம்னு சொன்னீங்களே, அங்கதான் எனக்கு இடிக்குது. வெற்றிட அறை, பம்பு, மணிக்கணக்கில் கரண்ட். தாளில் செய்த சர்க்யூட் மண்ணில் மக்கும், சரி. அதைச் செய்ய எரிச்ச கரண்ட் எந்த மண்ணில் மக்கும்? லின்ஸ் குழு மின்முனையா என்ன போட்டாங்க, உலோகம்தானே?

காவேரிப்பட்டினம்_கார்பன்

மேற்கோள்: "எரிச்ச கரண்ட் எந்த மண்ணில் மக்கும்?"

நியாயமான கேள்வி. ஆமாம், உலோக மின்முனைகள்தான். இண்டிகோ கரையாது என்பதால்தான் வெற்றிடம் தேவைப்படுகிறது. அதைத் தவிர்க்க ஒரு வழி, சாயத் தொட்டிக்காரர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்தது: ஆக்சிஜனை எடுத்துவிட்டால் நீலம் மஞ்சள்பச்சையாகிக் கரையும், காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகி நிற்கும். அந்த வடிவில் அச்சடிக்கப் பார்க்கலாம், ஆனால் கூடவே வரும் காரமும் உப்பும் படலத்தில் தங்கிவிடும். இன்னொரு வழி, மூலக்கூறில் ஒரு தற்காலிகக் குழுவை ஒட்டிக் கரையவைத்து, பூசிய பிறகு சூட்டில் அதைக் கழற்றிவிடுவது. இது வேலை செய்கிறது, ஆனால் கூடுதல் வேதிப்பொருள் வேண்டும்.

அடிப்பரப்புக்கும் மின்காப்புக்கும் நம் ஊர்ப் பொருளே இருக்கிறது: அரக்கு. 2013-இல் இரிமியா-விளாடு குழு அரக்கைத் தளமாகவும் மின்காப்புப் படலமாகவும் வைத்து டிரான்சிஸ்டர் செய்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், வெற்றிடம் தேவையில்லை. உலக அரக்கு உற்பத்தியில் இந்தியா முன்னணி, ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆய்வுக்கென்றே தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. கிராமபோன் தட்டு செய்த அதே அரக்குதான்.

கிருஷ்ணகிரி_மாங்கொட்டை

இடையில் ஒரு சந்தேகம். நாவல்பழச் சாயத்தில் சோலார் செல் செய்தார்கள் என்று படித்தேன். நம்மூரில் மாம்பழக் கூழ் ஆலைகளில் தோல் மலை மலையாகக் கிடக்கிறது. அதில் இருக்கிற மஞ்சள் நிறமியும் உதவுமா?

காவேரிப்பட்டினம்_கார்பன்

நாவல்பழம் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் செய்தது. 1991-இல் ஓரீகனும் கிரெட்செலும் கொண்டுவந்த சாயமேற்றிய சூரியக்கலம்தான் அடிப்படை. டைட்டானியம் டை ஆக்சைடு மேல் சாயம் ஒட்டிக்கொண்டு ஒளியை வாங்கி எலக்ட்ரானைத் தள்ளிவிடும். ஒட்டிக்கொள்ள மூலக்கூறில் தகுந்த கொக்கி வேண்டும். நாவலின் ஆந்தோசயனின் என்ற நிறமியில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் குழுக்கள் இருக்கின்றன, ஒட்டும். மாந்தோலின் பீட்டா கரோட்டினில் அப்படி எதுவும் கிடையாது, சரியாக ஒட்டாது. அதை வைத்து டிரான்சிஸ்டர் செய்திருக்கிறார்கள், ஆனால் வேகம் அவுரியைவிடக் குறைவு, காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். இயற்கைச் சாயக் கலங்களின் திறன் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். வகுப்பில் செய்து காட்ட மிக நல்லது. தோல் மலையைக் கரைக்க இது வழியல்ல.

சாயத்தை மின்கலத்தில் போடுவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் அஜயன் குழுவும் நியூயார்க் சிட்டி கல்லூரியினரும் பர்ப்யூரின் என்ற சிவப்புச் சாயத்தை லித்தியம் மின்கலத்தின் மின்முனையாக்கினார்கள். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி என்று கேட்டால் ஒரு வேர் கொடுப்பார்களே, அந்தக் குடும்பத்துச் சாயம். மூலக்கூறில் உள்ள கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகள் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு விடும். அங்கேயும் சாயம் தானாகக் கடத்தவில்லை, கரித்தூள் கலந்துதான் எலக்ட்ரானுக்கு வழி விட்டார்கள்.

இயற்கைச் சாயங்களிலேயே உண்மையில் நன்றாகக் கடத்துவது எது என்று கேட்டால், அந்தக் கரிதான். விளக்குப் புகை, கண்மை, சுவரில் எழுதிய கரி, எல்லாம் கருப்புச் சாயம்தானே. பென்சிலின் கிராஃபைட் சிவகங்கையில் வெட்டி எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கடத்தும் கோடு வேண்டுமென்றால் 6பி பென்சில் போதும்.

பென்னாகரம்_பட்டுக்கூடு

சார் போட்ட முதல் பதிவுல 'காஞ்சா போயிடுது, ஈரமா இருந்தா காட்டுது'ன்னு படிச்சப்பவே எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. நாங்க பட்டுப்புழு வளர்க்கிறோம். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குத்தான் போடறோம். புழு மனையில வெயிலைவிட ஈரப்பதம்தான் பெரிய தலைவலி. இளம்புழுவுக்கு 80-85 சதவீதம் வேணும், வளர்ந்த புழுவுக்கு 70 வாக்குல இருந்தாப் போதும், தோலுரிக்கிறப்ப இன்னும் குறைக்கணும். மழைக்காலத்துல ஏறிப்போச்சுன்னா சுண்ணாம்புக்கட்டி நோய் வந்து தட்டோட போயிடும். மனை நீளமா இருக்கும். வாசல்ல ஒரு எண், நடுவுல ஒரு எண், மூலையில ஒரு எண். ஒரே ஒரு மீட்டர் மாட்டி என்ன பண்றது? தாள்ல பூசின பட்டை ஈரத்தைக் காட்டும்னா பத்து இடத்துல தொங்கவிடலாமே?

காவேரிப்பட்டினம்_கார்பன்

அண்ணா, நீங்கள் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மெலனின் என்ற கருப்பு நிறமியைப் பற்றிய ஐம்பது வருட விவாதமே அந்த ஈரத்தைப் பற்றித்தான்.

நம் தலைமுடியையும் தோலையும் கருப்பாக்குவது மெலனின், கணவாய் மீன் கக்கும் மையில் இருப்பதும் அதுதான். 1974-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மெக்கின்னஸ், கோரி, பிராக்டர் என்ற மூவர் மெலனினில் ஒரு மின்சுவிட்ச் செய்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட மின்னழுத்தம் தாண்டியதும் அது சட்டென்று கடத்தும் நிலைக்கு மாறியது. அதன்பின் பல காலம் மெலனினைச் சிலிக்கான் மாதிரியான குறைக்கடத்தி என்றே நினைத்தார்கள். 2012-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோஸ்டர்ட், மெரெடித் குழு ஈரப்பதத்தைப் படிப்படியாக மாற்றி அளந்தபோது படம் மாறியது. தண்ணீர் உள்ளே போகப் போக மெலனினில் ஒரு வேதிச் சமநிலை நகர்ந்து புரோட்டான்களை விடுவிக்கிறது. கடத்தலில் பெரும்பங்கு அந்தப் புரோட்டானுக்கு. வறண்ட நிலைக்கும் ஈரநிலைக்கும் கடத்துதிறன் பல லட்சம் மடங்கு வேறுபடும்.

பீட்ரூட்டில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே உப்பு தற்செயலாக வந்த விருந்தாளி. இங்கே நிறமி தானே தண்ணீரோடு சேர்ந்து மின்னூட்டத்தை உண்டாக்குகிறது.

முழுமைக்காக இன்னொன்று: 2019-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மெலனின் படலத்தை உயர் வெற்றிடத்தில் சுட்டு, மூலக்கூறு அடுக்குகளை நெருக்கி, சென்டிமீட்டருக்கு 318 சீமென்ஸ் வரை கொண்டுபோனார்கள். அது எலக்ட்ரான் கடத்தல். செம்போடு பார்த்தால் சிறியது, சாயம் என்று பார்த்தால் மலை. மாண்ட்ரியாலில் கிளாரா சாந்தாத்தோவின் குழு கணவாய் மையைத் தாளில் அச்சு இயந்திரத்திலேயே அடித்திருக்கிறது.

கணவாய் நம் பக்கம் எளிதில் கிடைக்காது. தலைமுடியிலிருந்து காரத்தில் கரைத்து அமிலத்தில் படியவைத்து மெலனின் எடுக்கலாம். ஆனால் கொதிக்கும் காஸ்டிக் சோடா வேலை, பள்ளியில் வேண்டாம். சார் விரும்பினால் என் பக்கத்திலிருந்து கொஞ்சம் அனுப்பி வைக்கிறேன்.

ஓசூர்_எஸ்எம்டி

இது எனக்குப் பிடிச்சிருக்கு. உணரின்னா செம்போட போட்டி போடத் தேவையில்லை. மின்முனைக்கு பென்சில் கோடு, இரண்டு சீப்பை எதிர் எதிரா வெச்சுப் பல்லுக்குள்ள பல்லு நுழைஞ்ச வடிவம். நேர்மின்னோட்டம் மட்டும் கொடுக்காதீங்க, ஏற்கெனவே சொன்ன அயனிக் குவியல் வந்துடும். ஆர்டுயினோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு இருந்தா இரண்டு பின்னை மாத்தி மாத்தி நேர், எதிர்னு திருப்பி, நடுவில் ஒரு மின்தடை வெச்சு அளந்தாப் போதும். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தாள் பட்டை ஒண்ணும் கண்டிப்பா வேணும். தாளே ஈரத்தை இழுக்கும், தடை குறையும். சாயம் பூசினது வெறும் தாளைவிட எவ்வளவு அதிகம் மாறுதுன்னு காட்டினாத்தான் கணக்கு.

பாலக்கோடு_இயற்பியல்

கொதிக்க வைத்த பீட்ரூட் சோதனையைப் பிள்ளைகள் செய்துவிட்டார்கள். சாறு பழுப்பாகிவிட்டது. தடை முன்பு இருந்த அளவிலேயே நிற்கிறது. நிறமற்ற உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கவைத்து, பீட்ரூட் காட்டிய அதே தடைக்கு அவர்களாகவே கொண்டுவந்தும் காட்டினார்கள். கேள்வி கேட்ட மாணவிதான் அதைச் செய்தாள். கண்காட்சியில் முதல் பலகையாக இதையே வைக்கப் போகிறார்கள், 'எது கடத்தவில்லை' என்று.

பென்னாகரம் ஐயா சொன்னதையே திட்டமாக எடுத்துக்கொள்கிறோம். மெலனின் அனுப்புவதாகச் சொன்ன காவேரிப்பட்டினம் அம்மாவுக்கு மிக்க நன்றி. கேட்க வேண்டியது: பட்டையின் தடையை எந்த ஈரப்பதத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பது? பள்ளியில் நல்ல ஈரப்பதமானி இல்லை.

காவேரிப்பட்டினம்_கார்பன்

சார், ஈரப்பதமானி இல்லாமலே முடியும். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியின் அடியில் ஈரமான உப்புக் குழம்பு வைத்தால் மேலே உள்ள காற்றின் ஈரப்பதம் ஒரு குறிப்பிட்ட எண்ணில் நின்றுவிடும். உப்பு முழுக்கக் கரைந்துவிடாமல் குழம்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சமையல் உப்புக்கு 25 டிகிரியில் 75 சதவீதம். பொட்டாசியம் குளோரைடுக்கு 84. மெக்னீசியம் குளோரைடுக்கு 33. புழு மனைக்கு வேண்டிய எல்லையில் முதல் இரண்டும் சரியாக உட்காருகின்றன. ஆய்வகத்தில் பொட்டாசியம் குளோரைடு இல்லையென்றால் உரக்கடை வெள்ளைப் பொட்டாஷைக் கரைத்து வடிகட்டி, மறுபடி படிகமாக்கிப் பயன்படுத்துங்கள். பட்டையைப் புட்டிக்குள் தொங்கவிட்டு, கம்பியை மூடியில் துளையிட்டு மெழுகால் அடைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுதுங்கள். ஈரம் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. இரண்டும் ஒன்றாக வராது, அந்த இடைவெளியையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

அரூர்_அவுரிக்காடு

நீங்க சொன்ன அமிலக் கழுவலைச் செஞ்சு பாத்தேன், வில்லைப் பொடி நுரைச்சுக்கிட்டு வந்துச்சு. சுண்ணாம்பு அவ்வளவு இருந்திருக்கு. காயவெச்சு எடை போட்டா கணிசமா குறைஞ்சிருக்கு. இண்டிகோ சதவீதம் எங்க அளக்கறது?

காவேரிப்பட்டினம்_கார்பன்

ஐயா, நிறமாலைமானி உள்ள எந்தக் கல்லூரி வேதியியல் துறையிலும் முடியும். தகுந்த கரைப்பானில் கரைத்து, செம்மஞ்சள் ஒளி உறிஞ்சும் அளவைச் சுத்தமான இண்டிகோவோடு ஒப்பிடுவார்கள். ஒரே தொட்டி வில்லையில் மேல், நடு, அடி என்று தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள். மூன்றும் ஒரே எண் தந்தால்தான் அந்தத் தொட்டிக்கு ஒரு தரம் எழுத முடியும். அடுத்த முறை பாதித் தொட்டிக்குச் சுண்ணாம்பு இல்லாமல் படியவிட்டுப் பாருங்கள்.

பென்னாகரம்_பட்டுக்கூடு

சாருக்கு ஒரு விஷயம். மனையில ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்னாடியும் பிளீச்சிங் தண்ணி அடிப்போம். தோலுரிக்கிறப்ப தட்டு மேல சுண்ணாம்புத் தூளும் தூவுவோம். பட்டை தாங்குமா?

காவேரிப்பட்டினம்_கார்பன்

பிளீச்சிங் மெலனினை வெளுக்க வைத்துவிடும், பட்டை அதோடு முடிந்தது. வாடை முழுக்கப் போன பிறகுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்புத் தூள் ஈரத்தில் காரமாகி அயனிகளை விடும், எண் பொய்யாகும். மெல்லிய மல்துணி உறைக்குள் பட்டையைத் தொங்கவிடுங்கள், தட்டுக்கு நேர் மேலே வேண்டாம், பக்கவாட்டில். ஒரு வளர்ப்புக்கு ஒரு பட்டை என்று வைத்துக்கொள்ளலாம், முடிந்ததும் மறுபடி உப்புப் புட்டியில் வைத்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். பழையதை எருக்குழியில் போட்டுவிடலாம், அதில் இருப்பது தாள், பென்சில், நிறமி மட்டும்தான். கம்பியைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

பென்னாகரம்_பட்டுக்கூடு

அப்ப சரி. இளம்புழு மையத்துல இருந்து ரெண்டாம் தோலுரிப்பு முடிஞ்ச புழு எங்களுக்கு வர்றதுக்கு முந்தின நாள் வாங்க சார், பிளீச்சிங் வாடை போயிருக்கும், மனையும் காலியா இருக்கும். பிள்ளைங்க வாசல்ல ஒண்ணு, நடுவுல ரெண்டு, மேற்கு மூலையில ஒண்ணுன்னு கட்டட்டும். மேற்கு மூலையிலதான் எப்பவும் நோய் ஆரம்பிக்குது, அங்க வெறும் தாள் பட்டையும் சேத்துத் தொங்கவிடுங்க. உள்ள வர்றப்ப காலைக் கழுவிட்டு வரணும், அதை மட்டும் பிள்ளைங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.